இடப்பக்கத்து பிரேக்

“கிளட்ச மிதிங்கக்கா, முழுசா மிதிங்க, ஆங், இப்பக் கியரு, மெதுவா, மெதுவான்னா மெதுவா” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சங்கரவடிவு அக்கா கியரைத் தள்ளி, கிளட்சைச் சட்டென்று விட்டு, வண்டி ஒரு குதி குதித்து அணைந்து போயிற்று. சமாதானபுரம் பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே. காலையில் இந்த ரோட்டில் வண்டி அணைந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று, பின்னால் வந்த டவுன் பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஏன்யா, இவ்வளவு பெரிய சிவப்பு எழுத்து பின்னால் ஒட்டியிருக்கிறதே, கண்ணுக்குத் தெரியவில்லையா, நீயும் ஒரு காலத்தில் இப்படிக் குதித்து அணைந்தவன்தானே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டா பிறந்தாய். “பதறாதீங்கக்கா, சாவியத் திருப்புங்க” என்கிறேன் வாயால். வாய் எவ்வளவு நிதானமாக இருக்கிறது. எனக்குச் சம்பளமே இந்த வாய்க்குத்தான். உள்ளே வேறு ஒருத்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறாள். நாளைக்கு டெஸ்ட். மூன்றாவது தடவை. ஏற்கெனவே இரண்டு தடவை போய்விட்டு வந்தாயிற்று. அக்காவுக்கு மாவு வியாபாரம். இட்லி மாவு ஆட்டி மகாராஜ நகர், தியாகராஜ நகர் ஹோட்டல்களுக்கெல்லாம் கொடுக்கிறாள். அவள் வீட்டுக்காரர்தான் முன்பு வேனில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார், சர்க்கரை வந்து கண் மங்கியதிலிருந்து வேன் வாசலில் நிற்கிறது. ஆட்டோவுக்குக் கொடுத்தே லாபம் போகிறது. சரி, நானே ஓட்டுகிறேன் என்று கிளம்பி வந்தவள். இப்போது அவர் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாராம். “நாளைக்கும் ஆகலன்னா வண்டிய வித்துருவாராம் டீச்சர். ஞாயித்துக்கெழம பார்ட்டி பாக்க வருதாம்” என்று ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையில் இன்னும் உளுந்து வாசம்.

வண்டி கிளம்பிவிட்டது. பஸ்காரன் எங்களைத் தாண்டிப் போகும்போது ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். இரண்டு பொம்பளைகள், அதான் இப்படி என்கிற பார்வை. அந்தப் பார்வையெல்லாம் எனக்குப் பழகிப்போய்விட்டது, பாளையங்கோட்டையில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பெண்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள், அதனால்தானே பெண்கள் ரூபி டீச்சர்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். வருகிறார்கள், சரி. பாஸ் ஆகிறார்களா? அங்கேதான் இடிக்கிறது. எங்கள் ஸ்கூலில் என்னிடம் படிக்கிறவர்கள்தான் டெஸ்டில் அதிகம் தவறுகிறார்கள். முதலாளி இதை நேரடியாகச் சொல்லமாட்டார், டீ குடித்துக்கொண்டே, “ரூபி, ஒனக்கு ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கது வசதியா இருக்கும்லா, வெயில்ல அலைய வேண்டாம்லா” என்பார். வெயிலாம். இத்தனை வருஷம் இல்லாத வெயில். “நேராப் பாருங்கக்கா, பானட்டப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க.” இவள் கழுத்தை ஒரு இம்மி திருப்பமாட்டாள். நான்தான் அப்படிப் பழக்கினேன், முதல் நாளிலிருந்து ரோட்டைப் பார், ரோட்டைப் பார் என்று. இப்போது பக்கத்தில் குண்டே வெடித்தாலும் ரோட்டைத்தான் பார்ப்பாள். முருகன்குறிச்சி பக்கம் வளைகிறோம். ஒரு நாய் குறுக்கே போகிறது, வண்டி தணிகிறது, நாய் போய்விடுகிறது. “நல்லா நிறுத்துனீங்கக்கா” என்றேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஏன் என்றால் நிறுத்தியது அவள் இல்லை. நான். எங்கள் வண்டியில் இடப்பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கிறது, சொல்லிக்கொடுக்கிறவர் காலுக்கு. ஆபத்துக்கு என்று வைத்தது. அந்த பிரேக்கை மிதித்து மிதித்து அதன் மேலிருக்கும் ரப்பர் வழவழத்துப் போய்விட்டது, வலப்பக்கத்து பிரேக்கின் ரப்பரோ கடையிலிருந்து வாங்கி வந்த கணக்காக வரி வரியாக இருக்கிறது. இதைப் போன வாரம் வரைக்கும் நான் பார்த்ததே இல்லை. தினம் அதன் மேல் காலை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறேன், பார்த்ததில்லை. போன தடவை டெஸ்டில் தவறி வந்து, மரத்தடியில் நின்று, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சங்கரவடிவு அக்கா என்ன சொன்னாள்? “வெள்ளக் கோட்டுக்கிட்ட வந்ததும் எப்பவும் வண்டி தானா நிக்கும்லா டீச்சர். அன்னைக்கி நிக்கவே இல்ல. அது பாட்டுக்குப் போவுது.” நான் எரிந்து விழுந்தேன். வண்டி தானா எப்படிக்கா நிக்கும், நீங்க பிரேக் போட்டாத்தான நிக்கும், இது என்ன மாட்டுவண்டியா என்றேன். டெஸ்டில் என் இடத்தில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். காலை இழுத்துப் பின்னால் வைத்துக்கொண்டு, பேசாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். அவர் கால் எதற்காக முன்னே போகப்போகிறது. தானா நிக்கும்லா டீச்சர். அந்த வார்த்தை அன்றைக்கு என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. இப்போது போய், வெளியே வரமாட்டேன் என்கிறது.

“செகண்ட் போடுங்க. போட்டாச்சா. சரி.” இதற்கெல்லாம் காரணம் அந்தக் கோட்டுக்காரர். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஹோட்டல் ஹாலில், ஏசி வேலை செய்யாத ஹாலில், கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றாரே மகராசன். ஜில்லாவில் இருக்கிற ஸ்கூல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்திய முகாம், பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி. காலையில் வடை, மத்தியானம் பிரிஞ்சி, நடுவில் அவர். திரையில் படம் படமாக ஓட்டினார். ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கை, ஒரு ஏணி, ஏணி மேல் ஒரு பல்பு. கார் படம் ஒன்றுகூட இல்லை. தேநீர் இடைவேளையில் கேட்டேன், சார் நீங்க என்ன வண்டி ஓட்டுதீங்க என்று. எனக்கு ஓட்டத் தெரியாது மேடம், டாக்ஸியில்தான் வந்தேன் என்று சிரித்தார். நீச்சல் தெரியாதவன் கரையில் நின்று கையை ஆட்டச் சொன்ன கதை. போகும்போது எல்லாருக்கும் ஒரு துணிப்பை, அதில் ‘கற்பவரே கற்பிப்பவர்’ என்று பச்சை எழுத்தில். அதில்தான் இப்போது நான் முருங்கைக்காய் வாங்குகிறேன். அவர் சொன்னது மூன்றே விஷயம். நீங்கள் பாடம் நடத்துவதைக் கூட வேலை பார்க்கிற ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள், தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் ஞாபகம் வரும். மாணவர் தவறினால் முதலில் அவர் செய்ததைப் பார்க்காதீர்கள், நீங்கள் செய்ததைப் பாருங்கள். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நாள், ஒரு கோட்டு, ஒரு பல்பு. நான் பின் வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன். விட்டேன், என்ன இப்போது? கேட்டதையெல்லாம் மறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முதலாளி மறக்கவிடவில்லை. காசு கட்டி அனுப்பியிருக்கிறாரே, சும்மா விடுவாரா. “முத பாயிண்ட்ல இருந்து ஆரம்பிப்போம், ஒருத்தர் வண்டியில ஒருத்தர் பின்னாடி உக்காந்து பாக்கணும்” என்றுவிட்டார்.

என் வண்டியில் பின்னால் உட்கார்ந்தது இசக்கிராஜ். வேறு யாருமே கிடைக்கவில்லையா. ஸ்கூலில் நானும் அவனும்தான் என்னும்போது வேறு யார் கிடைப்பார்கள், சரி, அது என் தலையெழுத்து. அவன் வண்டியில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், திரும்பி வரும்போது முகம் வெளுத்திருக்கும். அவன் சொல்லிக்கொடுக்கிற லட்சணம், கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பது. எருமை மேல் மழை பெய்த மாதிரி இருப்பான். ஆனால் அவன் ஆட்கள் பாஸ் ஆகிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். அன்றைக்கு இதே சங்கரவடிவு அக்கா ஓட்ட, நான் சொல்ல, அவன் பின்னால் பொரி உருண்டை தின்றுகொண்டே வந்தான். இறங்கினதும் என்ன சொல்லப்போகிறான், குரல் கூடுதல் என்பான், பேச்சு கூடுதல் என்பான் என்று நான் பதில் எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவன் அதெல்லாம் சொல்லவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, நீங்க பேசுததுக்கு முன்னாடியே ஒங்க முழங்காலு முன்னுக்குப் போவுதுக்கா” என்றான். என்னத்த முழங்காலு என்றேன். “ஒங்க வலது முழங்காலு. அந்தக்கா ஒரு தடவகூட நிறுத்தல. பூராத்தையும் நீங்கதான் நிறுத்துனீங்க.” நான் விடுவேனா. ஏன்டே, நீ பின்னாடி உக்காந்து ரோட்டப் பாத்தியா என் காலப் பாத்தியா, பொம்பளயாளு காலப் பாத்துட்டு வந்து கத சொல்லுதியா என்று பிடித்துக்கொண்டேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “நான் அப்படி ஆளாக்கா” என்றான். அப்படி ஆள் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்துக்கு வேறு எதைச் சொல்லி வாயை அடைப்பது? அவன் போன பிறகுதான் குனிந்து இரண்டு பிரேக்கின் ரப்பரையும் பார்த்தேன்.

“இண்டிகேட்டர் போடுங்கக்கா. அது வைப்பர். இந்தப் பக்கம்.” வைப்பர் வெயிலில் கறக் கறக் என்று தேய்க்கிறது. இவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கால். அதற்குப் பிறகு எங்கே உட்கார்ந்தாலும் இந்த முழங்காலைத்தான் பார்க்கிறேன். பஸ்ஸில் போகும்போது டிரைவர் லாரியை நெருங்கினால் என் கால் போகிறது. வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் ஃபுட்ரெஸ்டை மிதித்துத் துவைக்கிறேன், ஏன் ரூபி உதைக்க என்று அவர் கேட்டதே உண்டு. கோயிலில் பாஸ்டர் பிரசங்கத்தை முடிக்கிற மாதிரி வந்து முடிக்காமல் மறுபடியும் தொடங்கினாரே, அப்போதும் போயிற்று. இது கால் இல்லை, வீட்டுக்கு வந்த மாமியார். எதையும் யாரையும் அது பாட்டுக்கு விடாது. எப்போதிலிருந்து இப்படி? அந்த வாழைப்பழ வண்டியிலிருந்துதான் என்று தோன்றுகிறது. தெற்கு பஜாரில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலேஜ் படிக்கிற பிள்ளை ஒன்று, தள்ளுவண்டியைப் பார்த்துக்கொண்டே நேராகப் போய் அதன் மேல் ஏற்றினாள். பிரேக் போடு, பிரேக் போடு என்று நான் வாயால் கத்திக்கொண்டிருந்தேனே தவிர கால் போகவில்லை. வண்டிக்காரர் துள்ளிக் குதித்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை, ரோடெல்லாம் கற்பூரவல்லிப் பழம். அவர் என்னைத்தான் திட்டினார், ஓட்டினவளை இல்லை. நியாயம்தானே. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த மனுஷன் குதிக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்துப் புரண்டுகொண்டே கிடந்தேன். மறுநாளிலிருந்து கால் தானாகவே போக ஆரம்பித்தது, நானும் அதை நல்ல விஷயம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு என் வண்டியில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை. இசக்கிராஜ் வண்டி பம்பரில் எத்தனை நசுங்கல் இருக்கிறது என்று முதலாளி ஒரு நாளாவது கேட்டிருப்பாரா. மாட்டார். என் பம்பரில் ஒரு கீறல் இல்லை. என் பம்பரில் கீறல் இல்லை, என் பிள்ளைகளுக்கு லைசென்ஸ் இல்லை.

மகாராஜ நகர் பக்கம் ரோடு கொஞ்சம் அகலம், கூட்டமும் இல்லை. “தேர்ட் போடுங்கக்கா.” ஸ்பீடு பிரேக்கர் வருகிறது. வேண்டாம், இந்தத் தடவை வேண்டாம், காலைப் பின்னால் இழு, சீட்டுக்கு அடியில் வை, வைத்தாயிற்றா, வைத்தாயிற்று. இப்போது இவள் தானாக மிதிக்கிறாளா பார்ப்போம். வருகிறது. வெள்ளைக் கோடு தெரிகிறது. இவள் கால் ஆக்சிலேட்டரை விட்டு எடுக்கவில்லை. எடுக்கா, எடு, எடுத்துத் தொலை, நாளைக்கு இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இப்படிப் போனால்... வண்டி அழகாகத் தணிந்து, மெத்தையில் போகிற மாதிரி ஏறி இறங்கிற்று. “எப்படி டீச்சர்!” என்கிறாள், பல்லெல்லாம் தெரிய. குனிந்து பார்க்கிறேன். என் கால் முன்னே இருக்கிறது. பிரேக்கின் மேல். எப்போது போயிற்று? நான் அனுப்பவே இல்லையே. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. என் காலே என் பேச்சைக் கேட்கவில்லை, இந்த லட்சணத்தில் அடுத்தவள் கால் என் பேச்சைக் கேட்கவேண்டும் என்று நாளெல்லாம் கத்திக்கொண்டிருக்கிறேன். கோட்டுக்காரரைக் கூப்பிட்டு இந்த இடத்தில் உட்காரவைக்க வேண்டும். பல்பு காட்டினீரே ஓய், இதற்கு ஒரு பல்பு காட்டும் பார்ப்போம்.

அவர் சொன்ன இரண்டாவது, தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்வது, அதையும் பார்த்தாயிற்று. நேற்றுச் சாயங்காலம். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோயிற்று. போனில் பதிவு பண்ணுவது எப்போதும் பிளெஸ்ஸிதான், என் மகள், பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் அப்புறம் யார் பண்ணுவது, சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஏட்டி, எப்படின்னு சொல்லித் தா, நானே பண்ணுதேன்.” “இங்கன அமுக்குங்கம்மா” என்றாள். எங்கன என்று நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவள் விரல் வந்து அமுக்கிவிட்டுப் போய்விட்டது. “இப்ப இந்த நம்பரப் போடுங்க.” முதல் எண்ணைப் போட்டேன். இரண்டாவதைத் தேடினேன். இருக்கிறது எங்கேயாவது, எனக்கு ஒரு நிமிஷம் கொடுக்கவேண்டாமா, என் விரல் அதன் மேல் போய் நிற்கும்போது, “ஐயோ எம்மா, குடுங்க இங்க” என்று போனையே பிடுங்கிவிட்டாள். டக் டக் டக் என்று நாலு தட்டு. “முடிஞ்சிட்டு. பாத்தீங்கள்லா, ஈசிதான?” பார்த்தேன். அவள் விரல் போனதைப் பார்த்தேன், வேறு என்னத்தைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. “ஒங்கிட்ட எவளாவது படிக்க வந்தா உருப்படுவாளாட்டி, நீ பிடுங்கிட்டா நான் எப்பப் படிக்க” என்று கத்தினேன். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். “சிலிண்டர் வரப்போவுதுல்லம்மா, அப்புறம் என்ன?” என்றாள். சிலிண்டர் வரும். நாளைக்குத் தீர்ந்தாலும் எனக்குத் தெரியாது. அவளிடம் அவ்வளவு கத்தினேனே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எனக்குள்ளே கேட்டிருக்கவேண்டாமா. காலையில் பல் தேய்க்கும்போது கேட்டது. நுரையோடு வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளெஸ்ஸிக்கு விரல், எனக்குக் கால். தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்.

“டீச்சர், என்ன ஒண்ணுஞ் சொல்லாம வாரீங்க?” ஒன்றும் சொல்லவில்லையா நான்? கொஞ்ச தூரமாகவே வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது. “நீங்க நல்லாத்தான ஓட்டுதீங்க, அதான்.” அவளுக்கு அது புதிது, தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. நாளைக்கு இந்த நிமிர்ந்த தோளோடு போய், கோட்டைத் தாண்டி, கம்பத்தில் இடித்து, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை எவனோ வந்து வேனைத் தட்டிப் பார்த்து, டயரை உதைத்துப் பார்த்து, ஓட்டிக்கொண்டு போய்விடுவான். இவள் மறுபடி ஆட்டோவில் மாவு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போவாள். எனக்கு என்ன, அடுத்த பேட்ச் வரும். இல்லை, ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுப்பேன், வெயில் இல்லை. இல்லவே இல்லை. இது நடக்கக்கூடாது. சொல்லிப் பார்த்தால் என்ன, அக்கா நான் பிரேக் போடமாட்டேன், நீங்கதான் போடணும் என்று? எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வாய் சொல்லும், கால் போடும். அவள் நம்புவது என் காலை. என் வாயை அவள் என்றைக்கோ நம்புவதை விட்டுவிட்டாள். புத்திசாலி. இந்தக் கால் இருக்கிற வரைக்கும் இவள் கால் எழுந்திருக்காது. கயிறு போட்டுக் கட்டவா? கைப்பையில் கயிறு கிடையாது, ஒரு குட்டி பைபிளும் தலைவலித் தைலமும்தான் இருக்கிறது. ஆனால்.

ஆனால் கால் கீழே இருந்தால்தானே. செருப்பைக் கழற்றினேன். சீட்டைப் பின்னால் தள்ளினேன், கிரீச் என்றது, இவள் திரும்பவில்லை, ரோட்டைப் பார்க்கிறாள், நல்ல பழக்கம். முதலில் இடது காலைத் தூக்கி மடக்கினேன். பிறகு வலது காலை. முழங்கால் ஹேண்ட் பிரேக்கில் இடித்தது. பந்தியில் இலைக்கு முன்னால் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு, பெல்ட்டும் போட்டுக்கொண்டு, இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். யாராவது பார்த்தால் டீச்சருக்கு முத்திவிட்டது என்பார்கள். சொல்லட்டும். ஹேண்ட் பிரேக் கைக்கு எட்டுகிறது, கையை அதன் மேல் வைத்துக்கொண்டேன். மிஞ்சினால் இழுத்துவிடலாம். பிரேக் அங்கே கீழே தனியாக இருக்கிறது, வழவழ ரப்பரோடு, இரண்டு செருப்பு பக்கத்தில் கிடக்கிறது. ஏசுவே, இவள் யார்மேலாவது ஏற்றினால் நான் என்ன பதில் சொல்வேன், கோட்டுக்காரர் சொன்னார் என்றா, என் மகள் சிலிண்டர் பதிவு பண்ணினாள் என்றா. காலைக் கீழே போடு ரூபி. போடமாட்டேன். போடு. அவள் நல்லாத்தான் ஓட்டுகிறாள். எங்கே நல்லா ஓட்டுகிறாள், நீதானே ஓட்டிக்கொண்டிருந்தாய் இவ்வளவு நாளும். உழவர் சந்தை தாண்டப்போகிறோம், ஓரமாக வண்டிகள், வேகம் ஒன்றும் அதிகம் இல்லை, கொஞ்சம் குறைந்தால் நன்றாக இருக்கும், சொல்லவா, சொல்லாதே, வாயையும் மூடு, இன்ஸ்பெக்டருக்கு வாய் கிடையாது. ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார், கேரியரில் மலைபோல வாழை இலைக் கட்டு. நிற்கிறார். நில்லும் ஐயா அங்கேயே. நின்றுகொண்டே இரும். அவர் இந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு, கார் வருகிறது என்பதையும் பார்த்துவிட்டு, அதனால் என்ன என்கிற மாதிரி சைக்கிளை ரோட்டில் இறக்கிவிட்டார்.

என் வலது கால் போயிற்று. போவதற்கு இடமில்லை. தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டு துள்ளியது, முழங்கால் ஹேண்ட் பிரேக்கில் மறுபடி இடித்தது, அவ்வளவுதான் அதனால் முடிந்தது. கை ஹேண்ட் பிரேக்கைப் பிடித்திருக்கிறது, இழுக்கவில்லை, ஏன் இழுக்கவில்லை, இழு, பெரியவர் சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை என்பதுகூடத் தெரிகிறது, இழு. நான் பெல்ட்டில் முன்னால் போய் விழுந்து பின்னால் வந்தேன். வண்டி நின்றுவிட்டது. ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தும் போய்விட்டது. சைக்கிளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம், இடம் இருந்தது. பெரியவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, இலைக்கட்டைச் சரிபண்ணிக்கொண்டு, அவசரமே இல்லாமல் தாண்டிப் போனார்.

“யம்மா” என்று சங்கரவடிவு அக்கா மூச்சு விட்டாள். ரோட்டைப் பார்த்தபடியே. “நல்லவேள டீச்சர். நீங்க மட்டும் பிரேக் போடலன்னா அந்த மனுசன் இன்னைக்கிப் போய்ச் சேந்துருப்பாரு.” “அக்கா, இங்க பாருங்க” என்றேன். “ரோட்டப் பாக்க வேண்டாம். என் காலப் பாருங்க.” அவள் திரும்பினாள். சம்மணம் போட்ட என் வெறுங்கால்களைப் பார்த்தாள். கீழே குப்புறக் கிடந்த செருப்பைப் பார்த்தாள். இறக்கிவிட்டபடியே இருந்த ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் வலது காலைப் பார்த்தாள். அது இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டு, விரலெல்லாம் வெளுத்துப்போய், அங்கேயே இருந்தது. யாரோ ஒருத்தி காலைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொள்வாள், டீச்சர் நான்தானா என்பாள், அழுதாலும் அழுவாள், இப்படியெல்லாம் அந்த ஒரு நொடிக்குள் என் மனசு ஓடிவிட்டது. அவள் முகம் சிவந்தது. “ஏம்மா, ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்றாள். டீச்சர் போயிற்று, நீங்கள் போயிற்று. “நான் ஒன்ன நம்பில்லா வண்டிய விட்டுட்டு வாரேன். நீ பாட்டுக்குக் கால மடக்கி வச்சிக்கிட்டு வேடிக்க பாக்கியா? அந்தப் பெரியவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா ஜெயிலுக்குப் போவ? மாவாட்டிப் பொழைக்கவ நான். சொல்லிட்டாவது மடக்க வேண்டாமா? சொல்லிட்டு மடக்குனா நான் பாத்து ஓட்ட மாட்டேனா?” வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது. சொல்லியிருக்கவேண்டும். இதைக்கூட எனக்கு எவளாவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது. வலது கால் மரத்துப்போய் முள் முள்ளாகக் குத்தியது. பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். சரி, நடந்தது நடந்துபோயிற்று, காலைக் கீழே போட்டு ஒழுங்காக உட்காருவோம் என்று வலது காலைக் கையால் பிடித்து மெல்ல இறக்கினேன். பாதி இறக்கியிருப்பேன்.

“கால எதுக்கு எறக்குத?” என்றாள். “மேல வையி.”

வைத்தேன். அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். சாவியைத் திருப்பினாள். கிளட்சை முழுசாக மிதித்தாள், கியரைப் போட்டாள், மெதுவாக, மெதுவாக என்றால் மெதுவாக விட்டாள். வண்டி குதிக்காமல் நகர்ந்தது. மடக்கிய என் கால் எரிந்துகொண்டே இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.